பள்ளிக்கு லீவு விட்டாச்சு. பிள்ளையை யார் பார்ப்பது?

அமெரிக்காவில் ஊரார் வீட்டில் தங்கிப் படிக்கும் மாணவர்கள்: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள்

டிசம்பர் மாதம் மூன்றாவது, நான்காவது வாரம் வந்துவிட்டால் அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களை இழுத்துப் பூட்டிவிடுவார்கள். கிறிஸ்துமசும் புத்தாண்டும் சேர்ந்து சுமார் 2 வாரம் லீவு.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்! புத்தகப் பையை மூலையில் வீசிவிட்டு வீட்டுக்கு ஓடுவார்கள்.

ஆனால் அதே வகுப்பில் ஒன்றிரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் வீடு அந்தத் தெருவில் இல்லை. அந்த ஊரில் இல்லை. அந்த நாட்டிலேயே இல்லை.

கடல் கடந்து வந்து, முன்பின் பார்த்திராத ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கிப் படிக்கிறவர்கள் அவர்கள். இவர்களுக்கு "பரிமாற்ற மாணவர்கள்" என்று பெயர். தங்க இடம் கொடுத்துச் சாப்பாடு போடும் குடும்பத்தை "ஹோஸ்ட் குடும்பம்" என்கிறார்கள்.

பள்ளிக்கூடம் நடக்கிறவரை கவலை குறைவு. காலையில் டீச்சர் முகத்தைப் பார்க்கிறார். மதியம் பள்ளி கேண்டீனில் நாலு பேரோடு சாப்பாடு. பிள்ளை வாடியிருந்தால் "என்ன விஷயம்?" என்று கேட்க ஆள் உண்டு.

பிள்ளைக்குக் கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால், டீச்சர் அதை மேலிடத்துக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சட்டமே இருக்கிறது.

லீவு விட்டால்? டீச்சர் இல்லை. கேண்டீன் இல்லை. வகுப்புத் தோழர்கள் இல்லை. 2 வாரத்துக்குப் பிள்ளையைப் பார்ப்பது ஒரே ஒரு வீடு.

வீடு நல்ல வீடாக அமைந்தால் அந்த லீவு ஆயுசுக்கும் மறக்காது. அமையாவிட்டால், அதை வெளியே சொல்ல ஆள் கிடையாது. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

யார் இந்தப் பிள்ளைகள்?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இப்படிப் படிக்கிறவர்களுக்கு "ஜே-1" என்ற விசா கொடுக்கிறார்கள். 15 வயது நிறைந்திருக்க வேண்டும். 18 வயது 6 மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. அதிகபட்சம் ஒரு பள்ளி ஆண்டு தங்கலாம். பிறகு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஏஜென்சிகள் மூலம் பணம் கட்டிப் போகிறவர்கள் உண்டு. தேர்வில் ஜெயித்து இலவசமாகப் போகிறவர்களும் உண்டு.

செனட்டர்கள் எட்வர்ட் கென்னடி, ரிச்சர்ட் லூகர் இருவர் பெயரில் 2002-ல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. நியூயார்க்கில் விமானத் தாக்குதல் நடந்த மறு வருடம் அது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பிள்ளைகளை அழைத்து, அமெரிக்கக் குடும்பங்களோடு பழக வைப்பது நோக்கம். செலவு அமெரிக்க அரசாங்கத்துடையது. இந்தியாவிலிருந்தும் பிள்ளைகள் இந்தத் திட்டத்தில் போய்ப் படித்துத் திரும்பியிருக்கிறார்கள்.

ஆக, இது எங்கேயோ யாருக்கோ நடக்கிற கதை அல்ல. நம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் நாளைக்குக் கடிதம் வரலாம்.

ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் ஆரம்பித்தது

இந்தப் பழக்கம் வளர்ந்த கதை ருசிகரமானது.

முதல் உலகப் போரில் பிரான்ஸ் நாட்டில் காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றிச் செல்ல, அமெரிக்க வாலிபர்கள் சம்பளம் இல்லாமல் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். "அமெரிக்கன் பீல்டு சர்வீஸ்" என்று அந்த அமைப்புக்குப் பெயர். சுருக்கமாக ஏ.எப்.எஸ். இரண்டாம் உலகப் போரிலும் இதே வேலையைச் செய்தார்கள்.

போர் முடிந்தது. பிணங்களை அள்ளிச் சலித்த அவர்கள், "இனிமேல் சண்டை வராமல் இருக்க என்ன வழி?" என்று யோசித்தார்கள். ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால், நாளைக்கு அந்த நாட்டின் மீது துப்பாக்கி தூக்க மனசு வருமா?

1947-ல் 52 மாணவர்களை அமெரிக்காவுக்கு அழைத்து வந்து, குடும்பங்களோடு தங்க வைத்துப் படிக்க வைத்தார்கள். அதன் பிறகு இது உலகம் முழுவதும் பரவிவிட்டது.

பணம் வாங்காத குடும்பங்கள்

இன்னொரு விஷயம் நம் ஊர் ஆட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஜே-1 திட்டத்தில் பிள்ளையை வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது, வாடகை கிடையாது. படுக்கை, சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு.

வருமான வரியில் மட்டும் மாதத்துக்கு 50 டாலர் வரை நன்கொடைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஒரு வளர்ந்த பிள்ளை சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு அது எந்த மூலைக்கு?

பெரும்பாலும் நல்ல மனசுக்காகவே செய்கிறார்கள். அதை மறுக்கக் கூடாது. ஆனால் நல்ல மனசை மட்டும் நம்பிப் பிள்ளையை விட முடியாது என்று அமெரிக்க அரசாங்கமே பட்டுத் தெரிந்துகொண்டது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

வான்கோழி, பனி, தனிமை

பள்ளி ஆண்டில் முதல் பெரிய லீவு நவம்பரில். நவம்பர் 4-வது வியாழக்கிழமை "தேங்க்ஸ்கிவிங்" பண்டிகை. 1941-ல் சட்டம் போட்டு இந்த நாளை நிரந்தரமாக்கினார்கள். நம் ஊர் பொங்கல் மாதிரி விளைச்சலுக்கு நன்றி சொல்கிற நாள். உற்றார் உறவினர் எல்லாம் ஒரே வீட்டில் கூடுவார்கள். முழு வான்கோழியைச் சுட்டு நடு மேஜையில் வைப்பார்கள். பூசணிக்காயில் இனிப்புப் பண்டம் செய்வார்கள்.

சைவப் பிள்ளைகள் பாடு கொஞ்சம் திண்டாட்டம்தான். உருளைக்கிழங்கு மசியல், ரொட்டி, காய்கறி என்று ஒதுங்க வேண்டியிருக்கும். இதை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால், ஒத்துப்போகிற குடும்பத்தைத் தேட வசதி. "போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டால் கஷ்டம் பிள்ளைக்குத்தான்.

அடுத்தது கிறிஸ்துமஸ் லீவு. மின்னசோட்டா போன்ற வடக்கு மாநிலங்களில் ஜனவரி இரவில் குளிர், உறைநிலைக்குக் கீழே 20 டிகிரிக்குப் போவது சாதாரணம். வாசலில் விழுந்த பனியை மண்வாரியால் அள்ளித் தள்ளினால்தான் கார் வெளியே வரும். மாலை 5 மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அமெரிக்காவில் பல ஊர்களில் பஸ் வசதி கிடையாது. கார் இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போக முடியாது. பிள்ளைகள் கார் ஓட்டுவதைப் பெரும்பாலான ஏஜென்சிகள் அனுமதிப்பதில்லை.

வீட்டு ஞாபகம் வாட்டுவதும் இப்போதுதான். குடும்பத்தார் கிறிஸ்துமஸ் மரத்தடியில் பரிசுப் பொட்டலங்களைப் பிரிக்கும்போது, பிள்ளைக்குத் தன் வீட்டுத் தீபாவளி ஞாபகம் வரும். ரம்ஜான் ஞாபகம் வரும். ஊருக்குப் பேசலாம் என்றால் நேரம் ஒத்துவராது. சென்னையில் காலை 6 மணி என்றால், குளிர்காலத்தில் நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு 7.30 மணி.

மார்ச் அல்லது ஏப்ரலில் இன்னொரு வாரம் வசந்தகால லீவு. அப்போது குடும்பங்கள் வெளியூர் கிளம்பும். அதோடு மே, ஜூனில் ஆண்டு முடிந்து பிள்ளை ஊர் திரும்ப வேண்டும்.

சனிக்கிழமை இரவு நடந்த விபரீதம்

பள்ளி இல்லாத நாளில் வெளியே கிளம்பிய ஒரு மாணவரின் கதி, உலகத்தையே உலுக்கியது.

பெயர் யோஷிஹிரோ ஹத்தோரி. வயது 16. ஜப்பானில் நகோயா நகரத்துப் பையன். 1992-ம் ஆண்டு அமெரிக்காவில் லூசியானா மாநிலம் பேட்டன் ரூஜ் நகரில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்து வந்தான்.

அக்டோபர் 17-ந் தேதி, சனிக்கிழமை இரவு. மாறுவேடம் போட்டுக் கொண்டாடும் "ஹாலோவீன்" விருந்துக்கு, தங்கியிருந்த வீட்டுப் பையனோடு கிளம்பினான். வெள்ளை உடுப்பு போட்டிருந்தான்.

வீடு மாறிவிட்டது. கதவு எண்கள் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்ததால், வேறு வீட்டு மணியை அழுத்திவிட்டார்கள்.

அந்த வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துப் பயந்துபோய்க் கணவரைக் கூப்பிட்டார். திரும்பி நடந்துகொண்டிருந்த பையன்கள் சத்தம் கேட்டு நின்றார்கள். "பார்ட்டிக்கு வந்தோம்" என்று சொல்லிக்கொண்டே யோஷி முன்னால் போனான். வீட்டுக்காரர் கையில் பெரிய ரிவால்வர். "பிரீஸ்!" என்று கத்தினார்.

அகராதியில் பார்த்தால் "பிரீஸ்" என்றால் உறைந்து போவது. துப்பாக்கி நீட்டியவன் சொன்னால் "அசையாதே, நில்!" என்று அர்த்தம். நாட்டுக்கு வந்து சுமார் 2 மாதமே ஆகியிருந்த பையனுக்கு அது விளங்காமல் போயிருக்கலாம். அவன் நிற்கவில்லை. வீட்டுக்காரர் சுட்டார். குண்டு நெஞ்சில் பாய்ந்தது. யோஷி இறந்தான்.

1993 மே மாதம் கோர்ட்டில் ஜூரிகள் வீட்டுக்காரரை விடுதலை செய்தார்கள். ஜப்பான் கொந்தளித்தது. 1994-ல் நடந்த சிவில் வழக்கில், பெற்றோருக்கு 6 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்டஈடு கொடுக்கும்படி நீதிபதி தீர்ப்பளித்தார்.

யோஷியின் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு ஜப்பானில் 16 லட்சத்துக்கும் அதிகமான கையெழுத்து திரட்டினார்கள். 1993 நவம்பரில் ஜனாதிபதி கிளிண்டனை நேரில் சந்தித்தார்கள். மகன் தங்கியிருந்த அமெரிக்கக் குடும்பமும் அவர்களுக்குத் தோள் கொடுத்தது.

மகன் பெயரில் நிதி வைத்து, அமெரிக்கப் பிள்ளைகளை ஜப்பானுக்கு வரவழைத்துப் படிக்கவும் வைத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த நாட்டுப் பிள்ளைக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட தாய், தகப்பன் அவர்கள்!

அந்தக் குடும்பம் நல்ல குடும்பம். கூடப் போனவன் நல்ல பையன். அப்படியும் இப்படி நடந்தது. லீவு நாளில் வெளியே போகும் பிள்ளைக்கு, அறிமுகம் இல்லாத வீட்டு வாசலில் எப்படி நடந்துகொள்வது, "நில்" என்ற சத்தம் கேட்டால் என்ன செய்வது என்று முதல் வாரமே சொல்லித்தர வேண்டும் என்பதற்கு இது பாடம்.

அசுத்த வீடு, அரை வயிறு

இன்னொரு சம்பவம் வேறு மாதிரி. 2009-ல் பென்சில்வேனியா மாநிலம் ஸ்கிரான்டன் நகரில் நடந்தது.

பல நாடுகளிலிருந்து படிக்க வந்த சில மாணவர்களை அசுத்தமான, கவனிப்பு இல்லாத வீடுகளில் தங்க வைத்திருந்தது வெட்டவெளிச்சமானது. போதிய சாப்பாடு இல்லாமல் சிலர் தவித்திருந்தார்கள். வீடு தேடிக் கொடுத்த உள்ளூர்ப் பொறுப்பாளர் மீதே வழக்கு பாய்ந்தது.

விவகாரம் வாஷிங்டன் வரை போனது. கண்காணிப்பில் கோளாறு இருந்ததை அமெரிக்க வெளியுறவு இலாகாவின் தணிக்கை அதிகாரிகளே சுட்டிக் காட்டினார்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்கள் மீது போலீஸ் குற்றப் பதிவு இருக்கிறதா என்று பார்க்கும் விதி 2006-லேயே வந்துவிட்டது. ஸ்கிரான்டன் சம்பவத்துக்குப் பிறகு 2010-ல் விதிகளை மேலும் இறுக்கினார்கள்.

விதி என்ன சொல்கிறது?

முக்கியமான விதிகள் வருமாறு:-

வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் மீதும் குற்றப் பதிவுச் சோதனை நடக்க வேண்டும். நடுவில் புதிதாக ஒருவர் குடிவந்தாலும் அவருக்கும் சோதனை உண்டு.

வீட்டுக்கே போய்ப் பேட்டி காண வேண்டும். சமையல் அறை, குளியல் அறை, பிள்ளை தூங்கும் அறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும்.

பிள்ளைக்குத் தனிக் கட்டில் வேண்டும். பகலில் சோபா, ராத்திரியில் கட்டில் என்று மாறுகிற வகை கூடாது. காற்றடித்த மெத்தையும் கூடாது.

ஏஜென்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் 120 மைலுக்குள், அதாவது சுமார் 193 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவையாவது பிள்ளையோடு பேச வேண்டும். குடும்பத்தாரோடும் பேச வேண்டும். அவரே அந்தப் பிள்ளைக்கு ஹோஸ்டாகவும் இருக்கக் கூடாது.

மாணவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. எப்போதாவது புல் வெட்டுவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது போன்ற சில்லறை வேலை மட்டும் பரவாயில்லை.

"லீவுதானே, கடையில ஆள் கம்மி, வந்து நில்லு" என்று யாராவது கூப்பிட்டால் பிள்ளை போகக் கூடாது. வீட்டில் தட்டு கழுவுவது, படுக்கை விரிப்பது எல்லோரும் செய்கிற வேலை. அதைத் தட்டக் கூடாது. ஆனால் நாள் பூராவும் ஆயா வேலை பார்க்கச் சொன்னால் அது வேறு கதை.

விதியில் விழும் ஓட்டை

இத்தனை விதி இருந்தும் லீவு நாளில் ஒரு சந்து இருக்கிறது.

குற்றப் பதிவுச் சோதனை, அந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான். பண்டிகைக்கு வந்து 4 நாள் தங்கும் மாமா, சித்தப்பா, மகனின் சிநேகிதன் ஆகியோர் குடியிருப்பவர்கள் கணக்கில் வருவதில்லை.

மாதம் ஒரு தடவை வரும் போன், லீவுக்கு முன்பும் லீவுக்குப் பின்பும் வந்துவிட்டால், நடுவே 2 வாரம் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

விருந்தாளிகள் எல்லாம் மோசம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் டீச்சர் கண் இல்லாத நேரமும், புது ஆட்கள் வீட்டுக்குள் வரும் நேரமும் ஒன்றாக வருகிறது. அதைப் பெற்றோர் மனதில் வைக்க வேண்டும்.

லீவுக்கு முன் செய்ய வேண்டியவை

அனுப்பி வைத்த பெற்றோர் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

ஏஜென்சி கொடுக்கும் அடையாள அட்டையில் அவசர டெலிபோன் எண்கள் இருக்கும். அட்டை எப்போதும் பிள்ளையின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். பெற்றோரிடம் ஒரு நகல் இருக்க வேண்டும்.

அமெரிக்க வெளியுறவு இலாகா, ஜே-1 மாணவர்களுக்கென்றே இலவச அவசர எண் வைத்திருக்கிறது: 1-866-283-9090. உயிருக்கு ஆபத்து என்றால் போலீசுக்கு 911.

பாஸ்போர்ட்டைப் பிள்ளை தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளட்டும். "பத்திரமா நான் வச்சிருக்கேன்" என்று யார் கேட்டாலும், ஏஜென்சிக்குச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

லீவில் குடும்பத்தோடு வெளியூர் போவதாக இருந்தால் எங்கே, எத்தனை நாள், எந்த விலாசம் என்று முன்கூட்டியே ஏஜென்சிக்குத் தெரிவித்து அனுமதி வாங்க வேண்டும்.

நாட்டு எல்லையைத் தாண்டுவது பெரிய விஷயம். நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் போய், "அந்தக் கரையையும் பார்த்துட்டு வரலாம்" என்று கிளம்பினால் அது கனடா. இந்தியப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைக்குத் தனி விசா வேண்டும். திரும்பி அமெரிக்காவுக்குள் வர, "டி.எஸ்.-2019" என்ற தாளில் ஏஜென்சி அதிகாரியின் பயணக் கையெழுத்தும் வேண்டும். இல்லாவிட்டால் எல்லையில் நிற்க வேண்டியதுதான்.

குடும்பம் ஒத்துவராவிட்டால் மாற்றிக் கேட்கலாம். அது தப்பில்லை, நன்றி கெட்டதனமும் இல்லை. ரோட்டரி சங்கத் திட்டத்தில் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் தங்க வைப்பது வழக்கமே. "வந்த இடத்துல பொறுத்துப் போ" என்று பெற்றோர் சொல்லிவிட்டால், பிள்ளை உண்மையை மறைத்துவிடும்.

என்ன கேட்பது?

நம் ஊர்த் தாய்மார்கள் போனில் கேட்கும் முதல் கேள்வி, "சாப்டியா?" அதற்குப் பிள்ளை சொல்லும் பதில், "சாப்டேன்மா". நல்ல வீட்டில் இருக்கிற பிள்ளையும் அதையே சொல்லும். கெட்ட வீட்டில் இருக்கிற பிள்ளையும் அம்மா மனசு கஷ்டப்படக் கூடாது என்று அதையே சொல்லும்.

ஆகவே லீவு நாட்களில் இன்னும் நாலு கேள்வி கேளுங்கள்.

"இன்னைக்கு என்ன சாப்டே?" "வீட்டுல இப்போ யார் யார் இருக்காங்க?" "புதுசா யாராவது வந்து தங்கியிருக்காங்களா?" "ராத்திரி உன் ரூம் கதவைச் சாத்திக்க முடியுதா?"

பிள்ளை தனியாக இருக்கும் நேரம் பார்த்து, தமிழிலேயே கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். தயங்கி, இழுத்து, பேச்சை மாற்றினால், விடியும்வரை காத்திருக்காமல் ஏஜென்சிக்குப் போன் போடுங்கள்.